இடது கையில் நாடி இல்லை, வலது கையில் பிரஷர் 170

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் கடலூர் முதுநகர். என் மகளுக்கு 23 வயது. புதுச்சேரி நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். ஆறேழு மாதமாக, மேல்தட்டிலிருந்து புடவை எடுத்துப் போடும்போது இடது கை கழன்று விழுவதுபோல் சோர்ந்துபோகிறது என்பாள். கையைத் தொங்கப்போட்டால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். கடையில் மருத்துவ முகாம் நடந்தபோது இடது கையில் பிரஷர் காட்டவே இல்லை. நர்சம்மா மெஷினுக்கு பேட்டரி மாற்றிப் பார்த்தார்களாம். வலது கையில் கட்டியதும் 170/104 என்று வந்தது. அப்புறம் சி.டி. ஆஞ்சியோ எடுத்ததில் இடது கைக்குப் போகும் குழாயில் 90 சதவீத அடைப்பு, இடது கழுத்துக் குழாயில் சுவர் தடிப்பு, வலது சிறுநீரகக் குழாயில் 70 சதவீதச் சுருக்கம், வலது கைக் குழாய் சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். இ.எஸ்.ஆர். 78. நோயின் பெயர் டகயாசு ஆர்ட்டரைட்டிஸ் என்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மூன்று மாதம் காய்ச்சல் அடித்து எடை குறைந்தது; டி.பி.யாக இருக்கும் என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். இப்போது ஒரு டாக்டர் உடனே கைக்கு ஸ்டென்ட் வைக்கச் சொல்கிறார். இன்னொருவர் ஸ்டென்ட் வேண்டாம், ஸ்டீராய்டு மாத்திரைதான் என்கிறார். பக்கத்து வீட்டில், இது பீடி குடிப்பவர்களுக்கு வரும் நோய், கையை எடுத்துவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நாட்டு மருந்து பார்க்கலாமா? எதை நம்புவது என்றே தெரியவில்லை.
பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, வணக்கம்.

கையை எடுக்க வேண்டி வராது. உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருப்பது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டார் சொல்வது வேறு நோய். விடாமல் பீடி சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு, முக்கியமாக இளவயது ஆண்களுக்கு, கால் விரலிலும் கை விரலிலும் ஓடும் சின்னக் குழாய்கள் அடைத்துக்கொண்டு, புண்ணாகி, கறுத்துப்போகும். பர்ஜர் நோய் என்று அதற்குப் பெயர். புகையிலையை அடியோடு விடுவதுதான் அதற்குப் பெரிய மருந்து; விரலையும் காலையும் இழப்பவர்கள் பெரும்பாலும் விடாதவர்கள்தான். உங்கள் மகளுக்கு இருப்பது, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியிலும் அதன் பெரிய கிளைகளிலும் வரும் அழற்சி. இரண்டுமே ரத்தக்குழாய் நோய்தான் என்றாலும் போகிற வழி வேறு வேறு.

90 சதவீதம் அடைத்த பிறகும் கை எப்படிச் சூடாக, உயிரோடு இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பெரிய வாய்க்கால் ஒரே நாளில் அடைத்தால் பயிர் கருகும். வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தூர்ந்தால், பக்கத்துச் சின்ன வாய்க்கால்களெல்லாம் தண்ணீரை வாங்கி வாங்கி அகலமாகிவிடும். அவள் தோள்பட்டையைச் சுற்றி அப்படித்தான் நடந்திருக்கிறது. சும்மா இருக்கும் கைக்கு அந்த ரத்தம் போதும். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பத்துப் புடவை இறக்கும்போதுதான் பற்றாக்குறை வருகிறது, கை சோர்கிறது. இறக்கியதும் சரியாகிறது. இந்த நோய்க்காரப் பெண்கள் பலரும் இதையேதான் சொல்வார்கள்: கொடியில் துணி காயப்போட முடியவில்லை, தலை பின்னிக்கொள்ள முடியவில்லை என்று.

ஆகவே அந்த 90ஐப் பார்த்து நீங்கள் பயந்திருக்கிறீர்கள். எனக்குப் பயம் 170ஐப் பார்த்து.

சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் சுருங்கினால், உடம்பில் ரத்த ஓட்டமே குறைந்துவிட்டதாகச் சிறுநீரகம் எடுத்துக்கொள்ளும். உடனே ரெனின் என்ற ஒன்றைச் சுரந்து உடம்பு முழுவதும் பிரஷரை ஏற்றிவிடும். நம் நாட்டில் இந்த நோய் சிறுநீரகத் தமனியைப் பிடிப்பது அதிகம். பல பெண்களுக்கு முதலில் தெரியவருவதே உயர் ரத்த அழுத்தமாகத்தான். 23 வயதுப் பெண்ணுக்கு 170 என்பது மூளைக்கும் இதயத்துக்கும் கண்ணுக்கும் தினமும் விழும் அடி. இந்த நோயில் பக்கவாதமும் இதயச் செயலிழப்பும்தான் உயிரைத் தொடுகிறவை. அவற்றுக்கு வழி விடுவது இந்தப் பிரஷர். கை வலி எரிச்சலூட்டும், வேலையைக் கெடுக்கும், அவ்வளவுதான்.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. இடது கையில் கட்டினால் பிரஷர் குறைவாகக் காட்டும், அல்லது காட்டவே காட்டாது. அடைப்புக்குக் கீழே அளந்தால் அப்படித்தான். முகாமில் வந்த நர்சம்மா பேட்டரியை மாற்றியதோடு நிற்காமல் கையையும் மாற்றினார் பாருங்கள், அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். நான் அதைச் செய்யாதவன்.

பட்டமேற்படிப்பு படித்த காலம். ஊரும் மருத்துவமனையும் இருக்கட்டும். 19 வயதுப் பெண்ணொருத்தி தலைவலி என்று வந்தாள். நான் உட்கார்ந்திருந்த வாகுக்கு எட்டியது அவளுடைய இடது கை. 110/70. ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை எழுதி அனுப்பினேன். பத்து நாளில் மறுபடி வந்தாள். மறுபடி இடது கை, மறுபடி 110. மூன்றாவது தடவை அவள் போனது பேராசிரியரிடம். அவர் பிரஷர் கருவியைத் தொடுவதற்கு முன்னாலேயே அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். அப்புறம் காறையெலும்புக்கு மேலே இருக்கும் குழியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு என்னைக் கேட்கச் சொன்னார். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல் ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் உஸ். வலது கையில் 210/120. அவர் என்னைத் திட்டவில்லை. "இந்தப் பொண்ணுக்கு எத்தனை கை?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து புதிதாக வரும் எல்லோருக்கும் இரண்டு கையிலும் பார்க்கிறேன். உங்கள் மகளுக்கு வலது கைக் குழாய் சரியாக இருப்பதாக ஸ்கேன் சொல்கிறது. அதனால் அவளுடைய உண்மையான பிரஷர் வலது கைப் பிரஷர். மருத்துவக் குறிப்புப் புத்தகத்தின் அட்டையில் பெரிய எழுத்தில் "பிரஷர் வலது கையில் மட்டும்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். செல்போன் கவரின் பின்பக்கத்திலும் ஒட்டலாம். நாளைக்கே அவள் எங்காவது மயங்கி விழுந்து, யாரோ இடது கையில் கட்டிப் பார்த்து, பிரஷரே இல்லை என்று மளமளவென்று குளுக்கோஸ் ஏற்றிவிடக் கூடாது. வலது கையையும் வருடத்துக்கு ஒரு தடவையாவது சோதிக்க வேண்டும், ஏனென்றால் நோய் நாளைக்கு அந்தப் பக்கமும் போகலாம். அப்படிப் போனால் தொடையில் கட்டி அளக்க வேண்டியிருக்கும்.

இனி நோய்க்கு வருகிறேன். இது கொழுப்பு படிந்து வரும் அடைப்பு இல்லை. எண்ணெய்ப் பலகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் சொந்தத் தமனியின் சுவரையே தாக்குகிறது. சுவர் வீங்குகிறது, தடிக்கிறது, ஆறும்போது தழும்பாகிச் சுருங்குகிறது. 40 வயதுக்குள் இருக்கும் பெண்களைத்தான் அதிகம் பிடிக்கும், ஆசிய நாடுகளில் கூடுதல். மிகிட்டோ டகயாசு என்பவர் ஜப்பானிய கண் மருத்துவர். 21 வயதுப் பெண்ணொருத்தியின் கண்ணுக்குள், விழித்திரையில், ரத்தக்குழாய்கள் மாலைபோல் வளையம் கட்டியிருந்ததை 1908இல் ஒரு மருத்துவக் கூட்டத்தில் சொன்னார். அதே கூட்டத்தில் வேறு இருவர் எழுந்து, தாங்கள் பார்த்த இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே இல்லை என்றார்கள். கண்ணுக்கும் மணிக்கட்டுக்கும் என்ன தொடர்பு என்று புரிய இன்னும் பல வருடம் ஆனது. "நாடியற்ற நோய்" என்ற பெயரும் ஜப்பானிலிருந்து வந்ததுதான். கண் மருத்துவர் கண்டுபிடித்த நோய் என்பதை மறக்காமல் உங்கள் மகளுக்கும் ஒரு தடவை கண்ணுக்குள் பார்த்துவிடுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடப் போகிறவளுக்கு எப்படியும் அது தேவை.

அந்த டி.பி. மாத்திரை விஷயம். அப்போது பார்த்த டாக்டர் மேல் கோபப்படாதீர்கள் என்றுதான் சொல்வேன். இந்த நோய் தொடங்கும்போது நாடி இருக்கும். காய்ச்சல், எடைக் குறைவு, மூட்டு வலி, சோர்வு, ஏறிய இ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), இவ்வளவுதான் தெரியும். நம் ஊரில் இந்த ஐந்தும் சேர்ந்து வந்தால் யாருக்கும் முதலில் டி.பி.தான் ஞாபகம் வரும், வரவும் வேண்டும். இரண்டு நோயுமே திசுவில் ஒரே மாதிரியான சிறு முடிச்சுகளை உண்டாக்குவதால், டி.பி. கிருமிதான் இதைத் தூண்டுகிறதோ என்று பழைய மருத்துவர்கள் வெகுகாலம் சந்தேகித்தார்கள், நிரூபணம் ஆகவில்லை. உங்களுக்கு இப்போது வேண்டியது ஒன்றுதான்: பழைய எக்ஸ்ரே, சளிப் பரிசோதனைச் சீட்டு, எத்தனை மாதம் என்ன மாத்திரை என்ற விவரம், எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுப்பதற்கு முன்னால், உள்ளே டி.பி. தூங்குகிறதா என்று பார்த்தாக வேண்டும். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையும் அதோடு சேர்த்துச் செய்வார்கள்.

பெயர் சரிதானா என்ற சந்தேகம் உங்களுக்கு வேண்டாம். அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் 1990இல் வகுத்த அடையாளங்கள் ஆறு. வயது 40க்குள் தொடக்கம், கையோ காலோ வேலை செய்யும்போது சோர்வது, கை நாடி குறைவது, இரண்டு கைப் பிரஷருக்கும் 10க்கு மேல் வித்தியாசம், குழாயின் மேல் சத்தம், ஆஞ்சியோவில் சுருக்கம். மூன்று இருந்தாலே இந்தப் பெயரைச் சொல்லலாம். உங்கள் கடிதத்திலேயே ஐந்து இருக்கிறது. 2022இல் வந்த புது விதி ஸ்கேனில் மாற்றம் தெரிந்தே ஆக வேண்டும் என்கிறது. அதுவும் இருக்கிறது.

இ.எஸ்.ஆர். பற்றி ஓர் எச்சரிக்கை. இப்போது 78 இருப்பதால் நோய் எரிந்துகொண்டிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். மாத்திரை தொடங்கியதும் அது 15க்கு இறங்கிவிடும், எல்லோரும் நிம்மதியாகிவிடுவீர்கள். ஆனால் இ.எஸ்.ஆர்., அதேபோல் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இரண்டும் சரியாக இருக்கும்போதே உள்ளுக்குள் சுவர் தடித்துக்கொண்டு போவது இந்த நோயில் உண்டு. அதனால் ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி ஓட்ட முடியாது. ஒவ்வொரு தடவையும் நாடி பிடித்துப் பார்ப்பது, கழுத்திலும் காறையெலும்புக்கு மேலும் தொப்புளுக்குப் பக்கத்திலும் சத்தம் கேட்பது, குழாயில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், அவ்வப்போது குழாய்களைப் படமெடுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோ, எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு. புதிதாக ஒரு நாடி மறைந்ததா, கழுத்துக் குழாயைத் தொட்டால் வலிக்கிறதா, பிரஷர் கூடியதா என்று மதிப்பெண் போடும் முறை ஒன்றை இந்திய மருத்துவர்களே உருவாக்கியிருக்கிறார்கள், ஐ.டி.ஏ.எஸ். 2010 என்று பெயர். வெளிநாட்டிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. ஸ்டென்ட்டா, ஸ்டீராய்டா?

உங்கள் இரண்டாவது டாக்டர் பக்கம்தான் நான். ஈரச் சுவரில் ஆணி அடித்தால் நிற்குமா? வீங்கி எரிந்துகொண்டிருக்கும் சுவருக்குள் பலூனை விட்டு விரித்து ஸ்டென்ட் வைத்தால், அந்தக் காயத்துக்கே அது மேலும் வீங்கும், கொஞ்ச மாதத்தில் ஸ்டென்ட்டுக்குள்ளேயே அடைக்கும். அழற்சி அடங்கிய பிறகு செய்தால் பலன் நிற்கும் வாய்ப்பு கூடுதல். முதல் டாக்டர் தவறானவர் என்று சொல்லவில்லை. தினமும் 60 வயது இதயக் குழாய் அடைப்புகளைப் பார்க்கிறவருக்கு 90 சதவீதம் என்றால் கை ஸ்டென்ட்டுக்குத்தான் போகும். அங்கே அதுதான் சரி. இங்கே, இடது கைக்கு ஸ்டென்ட் இப்போதும் தேவையில்லை, பின்னாலும் தேவைப்படாமலே போகலாம். சிறுநீரகக் குழாய் வேறு விஷயம். மூன்று நான்கு மாத்திரை கொடுத்தும் பிரஷர் இறங்கவில்லை, சிறுநீரகம் சுருங்கத் தொடங்குகிறது என்றால் பலூன் வைத்து விரிக்க வேண்டி வரும். அதையும் முடிந்தவரை நோய் அடங்கிய நேரம் பார்த்துச் செய்வார்கள். பக்கவாதம் வரப்போகிறது, இதயம் திணறுகிறது என்ற அவசர நிலையில் மட்டும் காத்திருக்க மாட்டார்கள்.

பிரஷர் மாத்திரை இன்றைக்கே தொடங்க வேண்டியது. ஆனால் ஒரே நாளில் 170ஐ 110க்கு இறக்கக் கூடாது. கழுத்துக் குழாயிலும் நோய் இருப்பதால் மூளைக்கு ரத்தம் குறைந்து தலை சுற்றும். படிப்படியாகத்தான். இன்னொன்று, உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது டெல்மிசார்ட்டான், ராமிபிரில், எனாலபிரில் மாதிரி மாத்திரை இருக்கும். நல்ல மாத்திரைகள்தான். ஆனால் சிறுநீரகக் குழாய் சுருங்கியவர்களுக்கு, அதிலும் இரண்டு பக்கமும் சுருங்கியவர்களுக்கு, சிறுநீரகத்தையே நிறுத்திவிடக் கூடியவை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை டாக்டர் பார்த்துக் கொடுத்தால் சரி, கடையில் கேட்டு வாங்கினால் ஆபத்து. கை வலிக்கு டைக்ளோபினாக் வகையும் வேண்டாம்.

ஸ்டீராய்டு என்றால் எல்லோரும் முகத்தைச் சுளிக்கிறீர்கள். என் அனுபவத்தில் இந்த நோயில் ஸ்டீராய்டு கெடுத்தவர்களைவிட, ஸ்டீராய்டைப் பாதியில் நிறுத்திக் கெட்டவர்கள் அதிகம். பொதுவாக பிரெட்னிசலோன் நாளுக்கு 40 முதல் 60 மி.கி. வரை தொடங்கி, அடங்கியதும் இரண்டு மூன்று மாதத்தில் 15, 20க்குக் கொண்டுவந்து, ஒரு வருடத்தில் 10க்குக் கீழே இறக்கப் பார்ப்போம். காலையில், சாப்பிட்ட பிறகு, ஒரே வேளையாக. பசி எடுக்கும், முகம் உப்பும், சர்க்கரை ஏறலாம், எலும்பு தேயலாம். அதனால் கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்துக் கொடுப்பார்கள். முகம் உப்புவது மாத்திரை அளவு இறங்க இறங்கத் தானாக வடியும். திடீரென்று நிறுத்தினால் மட்டும் விபரீதம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும்போது உடம்பு தன் சுரப்பைத் தூங்க வைத்திருக்கும், எழுப்ப நாள் ஆகும். வாந்தி வந்து மாத்திரை உள்ளே நிற்கவில்லை என்றாலே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஸ்டீராய்டை இறக்குவதற்குத் துணையாக மெத்தோட்ரெக்ஸேட் அல்லது அசத்தியோபிரின், மைக்கோபினோலேட் போல ஒன்று எழுதுவார்கள். மெத்தோட்ரெக்ஸேட் என்றால், அம்மா, இந்த வரியை அவளிடம் இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள்: அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டுவிட்டு வாய் முழுக்கப் புண்ணும் வெள்ளையணு சரிந்தும் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காலண்டரில் ஒரு கிழமையை வட்டம் போடுங்கள். போலிக் அமிலம் வேறு கிழமை. ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரத்த அணுக்களும் கல்லீரலும் பார்க்க வேண்டும். இதற்கும் அடங்காவிட்டால் டோசிலிசுமாப், அடலிமுமாப் மாதிரி ஊசிகள் இருக்கின்றன. அந்தக் கவலையை இப்போதே படாதீர்கள்.

சாப்பாட்டில் உப்பு. முதுநகரில் இருப்பவர்களிடம் கருவாடு வேண்டாம் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. ஆனால் பிரஷரும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்புக்குக் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் எதிரி. மீன் குழம்பு தாராளமாகச் சாப்பிடட்டும்.

நாட்டு மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். சித்த மருத்துவம் படித்தவர்களை நான் மதிக்கிறேன். இந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டு அதற்குப் போக வேண்டாம் என்பது மட்டும் உறுதி. பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் சூரணம் கூடவே கூடாது. சிலவற்றில் ஸ்டீராய்டையே அரைத்துக் கலந்திருப்பார்கள், சிலவற்றில் ஈயம், பாதரசம். மெத்தோட்ரெக்ஸேட்டோடு அவை சேர்ந்தால் கல்லீரல் தாங்காது. எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கல்யாணம். இப்போது ஆவணி, தைக்கு ஐந்து மாதம் இருக்கிறது. நோய் அடங்கினால் அதற்குள் ஸ்டீராய்டு அளவு பாதிக்கும் கீழே வந்திருக்கும், முகமும் ஓரளவு வடிந்திருக்கும். கல்யாணம் செய்யத் தடை எதுவும் இல்லை. இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை, தாயிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்கும் நோயும் இல்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடுங்கள். நியாய தர்மத்துக்காக மட்டும் சொல்லவில்லை, மருத்துவக் காரணமும் இருக்கிறது: மறைத்துக் கல்யாணம் செய்த வீடுகளில் பெண் மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைப்பாள், அப்புறம் சாப்பிடுவதையே விட்டுவிடுவாள். மாப்பிள்ளையை ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நேரில் கேட்டால் பாதிப் பயம் போய்விடும்.

குழந்தை பெறலாம். ஆனால் திட்டம் போட்டுத்தான். நோய் குறைந்தது ஆறு மாதமாவது அடங்கி, பிரஷர் கட்டுக்குள் இருந்து, மருந்துகளை மாற்றிய பிறகு. மெத்தோட்ரெக்ஸேட்டும் மைக்கோபினோலேட்டும் கருவைக் கெடுக்கும், முன்கூட்டியே நிறுத்த வேண்டும். முன்னே சொன்ன டெல்மிசார்ட்டான் வகையும் கூடாது. அசத்தியோபிரினும் குறைந்த அளவு ஸ்டீராய்டும் கர்ப்பத்தில் கொடுக்கலாம். அதுவரை கருத்தடை தேவை. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பிரஷரை ஏற்றும் என்பதால் அது வேண்டாம், வேறு வழிகள் இருக்கின்றன. இதை மருத்துவர் அவளிடம் தனியாகப் பேசட்டும். நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள், தப்பாக நினைக்காதீர்கள். கர்ப்பமான பிறகு எங்கே போனாலும் அந்த அட்டைச் சீட்டை முதலில் காட்ட வேண்டும். பிரசவ வார்டில் எந்தக் கை வாகாக இருக்கிறதோ அதில் கட்டிவிடுவார்கள்.

வேலையை விடச் சொல்லாதீர்கள். கடை முதலாளியிடம் பேசி மேல்தட்டு இல்லாத பிரிவுக்கு மாற்றிக் கேட்கலாம். துண்டு, வேட்டிப் பக்கம் கீழ்த்தட்டிலேயே நிறைய இருக்கும்.

எங்கே காட்டுவது? இது வாதநோய் மருத்துவர் முன்னின்று, இதயம், சிறுநீரகம் பார்ப்பவர்கள் கூட இருந்து நடத்த வேண்டிய வைத்தியம். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையில் கிளினிக்கல் இம்யூனாலஜி என்று இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரச் சொச்சம். இன்னும் கொஞ்சம் அலையத் தயார் என்றால் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்த நோயை நிறையப் பார்க்கிறார்கள். காலையில் சீக்கிரம் போங்கள். ஸ்கேன் அறிக்கையோடு படம் இருக்கும் சி.டி.யும், பழைய டி.பி. சீட்டும், காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். தேதி வாங்கக் காத்திருக்கும் நாட்களில் பிரஷர் மாத்திரைக்குக் காத்திருக்க வேண்டாம்; அதை மஞ்சக்குப்பத்தில் அரசு மருத்துவமனையிலேயே தொடங்கிக்கொள்ளலாம். முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு கண் திடீரென்று மங்குவது, நெஞ்சு வலி, படுத்தால் மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் தேதி நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்கு. மாத்திரை தொடங்கிய பிறகு காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள், ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும்.

இதை வாசிக்கும் 50 தாண்டியவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, தலை வாரும்போது தொட்டால் கூசுவது, சாப்பாட்டை மெல்லும்போது தாடை வலித்து நிற்பது, இவை வந்தால் கண்ணாடியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். டகயாசுவுக்குப் பெரியம்மா முறையில், ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்று ஒரு தமனி அழற்சி இருக்கிறது. நம் நாட்டில் குறைவுதான், ஆனால் வந்தால் ஒரே நாளில் பார்வையை எடுத்துக்கொண்டு போகும். ஸ்டீராய்டை அன்றே தொடங்கினால் காப்பாற்றலாம்.

அம்மா, ஒரு நல்ல பிரஷர் மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள். மேல்கையில் கட்டும் வகை, மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காலையும் மாலையும் உட்கார வைத்து ஐந்து நிமிடம் கழித்து வலது கையில் அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த கடிதத்தில் இரண்டு வாரக் கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள்.